‘சந்தேகம்’ என்று நான் குறித்த மழை

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் ‘டேட்டா என்ட்ரி’ என்று சொல்லிவிடுவேன். அது உண்மையில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் கேட்டவர் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் நாடு முழுக்கப் பரவியிருக்கும் கண்காணிப்பு நிலையங்களிலிருந்து தொடங்க வேண்டும். சில நிலையங்கள் காற்றை அளக்கின்றன. அவற்றின் கருவிகள் மணிக்கொரு தரம் தாங்களே எண்களை அனுப்பிவிடும். சில நிலையங்கள் மழையைப் பிடித்து வைக்கின்றன. அங்கே ஒரு மனிதர் வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை அவர் வாளியை எடுத்து, எடை போட்டு, தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, படிவம் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புவார். மழையோடு மண்ணில் என்னென்ன இறங்குகிறது என்று ஆய்வகம் சொல்லும். அந்த எண்களெல்லாம் மைசூரில் ஓர் அலுவலகத்தின் மாடியறையில் என்னிடம் வந்து சேரும். ஒவ்வொரு எண்ணையும் நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்வதுதான் என் வேலை. சரி, சந்தேகம், செல்லாது. மூன்றில் ஒன்றை எல்லா வரிசைக்கும் எதிரில் போட வேண்டும்.

அறையில் ஜன்னல் உண்டு, திறக்க முடியாது. சர்வருக்குக் குளிர் வேண்டும் என்று ஏசி மாட்டியபோது ஜன்னல் இடுக்கையெல்லாம் பசை வைத்து அடைத்துவிட்டார்கள். வேலையில் சேர்ந்த முதல் வருடம், வருகிற எண்களைச் சோதித்துப் பார்க்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். அதற்கு முன்பு எல்லாம் கையால் நடந்துகொண்டிருந்தது. அதிகாரி ரொம்பப் பாராட்டினார், எனக்கும் பெருமையாக இருந்தது. நாலைந்து வருடம் போனபின்தான் புரிந்தது, அந்தப் புரோகிராமை என்னைத் தவிர வேறு யாருக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று. பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் முடியும், ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி கையெழுத்து வாங்குவார்கள். நான் நிரந்தர ஊழியர் ஆகிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஒரு நாள். அன்றைக்கு நான் அங்கே வேலை செய்யாதவள். ஆனாலும் காலை பத்து மணிக்கே போன் வந்துவிடும்: “இந்த ஃபைல் எங்கே இருக்கும்மா?”

இரண்டு முறை வெளியே போகப் பார்த்தேன். முதல் முறை பெங்களூரில் ஒரு வேலை கிடைத்தது. மகள் அப்போது ஏழாம் வகுப்பு, கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலை நஞ்சன்கூடு சாலையில். வாரா வாரம் போய் வரலாம் என்று பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். இரண்டாம் முறை நான் போகிறேன் என்று சொன்னதும் அதிகாரியே வீட்டுக்கு வந்தார். தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால், மூட்டை ஏற்றும் லாரிகள் நிற்கிற சந்தில் எங்கள் வீடு. அந்தச் சந்தில் காரை நிறுத்த இடம் தேடி, வேர்த்து விறுவிறுத்து மாடியேறி வந்து, “நீ போனா இது நின்னுடும்மா” என்று சொன்னார். எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார். நான் போகவில்லை. அந்தப் பேச்சில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த நிலையங்களில் ஒன்று ராமாபுரம் தாண்டி, கோபிநத்தம் போகிற பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காட்டோரத்தில் ஓர் ஊரில் இருந்தது. அங்கே பேச்சு தமிழ். எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அங்கிருந்து வரும் போன் எல்லாம் எனக்கே வரும். நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக்குப் பின்னால் சின்ன சிமெண்ட் மேடை, அதன்மேல் ஆளுயரத்துக்கு மழை சேகரிக்கும் பெட்டி. துளி விழுந்தால் அதன் மூடி தானாக விலகும், மழை நின்றால் மூடிக்கொள்ளும். அந்த வீட்டுப் பெண்மணிதான் நிலையத்தைப் பார்த்துக்கொண்டார். பத்தாம் வகுப்பு படித்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் முதலில் மேடம் என்றார், பிறகு அது அம்மிணி ஆயிற்று.

என் அப்பா கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். கன்னடம் கலக்காமல் எனக்குத் தமிழ் பேச வராது. முதல் போனிலேயே, “பாட்டில் மூடியை நல்லா இறுக்கிட்டீங்க, அல்வா?” என்று கேட்டுவிட்டேன். கன்னடத்தில் ‘இல்லையா’ என்பதற்கு அப்படித்தான் கேட்போம்.

“அல்வாவா? எந்த அல்வாங்க?” என்றார். எனக்கு உறைத்ததும் இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவர் போன் செய்தாலே, “அல்வாக்கார அம்மிணியா?” என்றுதான் தொடங்குவார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாளி மாற்ற வேண்டும். ஆறு வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைக்கூட அவர் தவறவிட்டதில்லை. மற்ற நிலையங்களின் படிவங்களில் குறிப்பு எழுதும் இடம் காலியாக வரும். இவருடையதில் எழுதுவதற்கு இடம் பற்றாது. ‘வாளியில் ஒரு வெட்டுக்கிளி கிடந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன்’, ‘பக்கத்துச் சோளக்காட்டில் எரு கொட்டினார்கள்’, ‘வியாழக்கிழமை மூடி கொஞ்ச நேரம் திறந்தே நின்றது, தட்டினதும் மூடிக்கொண்டது’ என்று பென்சிலால் நுணுக்கி நுணுக்கி எழுதுவார். ஊரில் அவருக்கு மழைக்காரம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது என்று ஒரு முறை சொன்னார். சொல்லும்போது அலுத்துக்கொள்வதுபோலச் சொன்னார், அதில் அலுப்பு இல்லை.

இப்படி இருக்கும்போது, ஒரு தென்மேற்கு மழைக்காலத்தின் நடுவில் அவருடைய மழை என் சோதனையில் தவற ஆரம்பித்தது.

மழைத் தண்ணீரில் கரைந்திருக்கும் பொருட்களில் ஒரு வகைக்கு நேர் மின்னூட்டம், இன்னொரு வகைக்கு எதிர் மின்னூட்டம். எல்லாவற்றையும் ஒழுங்காக அளந்திருந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வரும். ஒரு பக்கம் வரம்பு மீறி ஏறினால் என் புரோகிராம் ‘சந்தேகம்’ என்று போடும். அந்த ஊர் மழையில் அம்மோனியம் எப்போதுமே கொஞ்சம் கூடுதல்தான். மாடும் ஆடும் எருவும் நிறைந்த இடம். இப்போது அதனாலேயே ஒரு பக்கம் ஏறி நின்றது. ஒரு வாரம் என்றால் விட்டுவிடலாம், வாரா வாரம் வந்தது. ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கச் சொன்னேன். அதே எண் திரும்பி வந்தது. ஆய்வகம் சரியென்றால் தப்பு களத்தில்தான் இருக்க வேண்டும். பறவை எச்சம், கை படுவது, சரியாகக் கழுவாத வாளி. எங்கள் கையேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கையேட்டை எழுதியதும் நான்தான்.

“அக்கா, வாளியை நல்லா கழுவறீங்களா?”

“நீங்க குடுத்த தண்ணியிலதான் மூணு தரம் அலசறேன் அம்மிணி. ஏனுங்க?”

“பறவை ஏதாச்சும் வந்து உட்காருதா?”

“உட்கார்ந்தா எழுதியிருப்பேனே.”

அடுத்த மாதம் பெட்டியைச் சுற்றி முள் வேலி போட்டார். வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு ஆட்டுக் கொட்டகையைத் தெருப் பக்கம் மாற்ற வைத்தார். பறவை உட்காராமல் இருக்க மேலே கம்பி முனைகளைக் கட்டினார். கையுறையை ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் எனக்குப் போன் செய்து சொன்னார். நான் ஒவ்வொரு வாரமும் ‘சந்தேகம்’ என்று போட்டேன். கொஞ்ச நாளில் ‘அல்வாக்கார அம்மிணி’ நின்றுபோய் மறுபடி மேடம் வந்துவிட்டது.

பாதிக்கு மேல் மாதிரிகள் தேறாத நிலையத்தை மூடிவிட வேண்டும் என்று ஒரு விதி. ஆண்டு முடிவில் பட்டியல் தயாரித்து அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, “இது மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?” என்றார். களத்தில் ஏதோ கோளாறு என்றேன். மூடுவதற்கான கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். ‘நிலையத்தைப் பராமரிப்பவரின் கவனக்குறைவு காரணமாக’ என்ற வரி என்னுடையது. அதை எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு வேலை முடிந்தது என்று அடுத்த ஃபைலைத் திறந்தேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அவரிடமிருந்து போன்.

“மேடம், ஆளுங்க வந்து பொட்டியக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. அதச் சொல்லக் கூப்பிடல. நான் எழுதி வச்ச நோட்டு ஒண்ணு இருக்குதுங்க. படிவத்துல எழுதறதுக்கு முந்தி அதுலதான் எழுதுவேன். எங்கூர்க்காரர் வாழை எலை ஏத்திட்டு உங்க மார்க்கெட்டுக்கு வந்திருக்காரு, அவருகிட்டக் குடுத்து விட்டிருக்கேன். பாத்துப்போட்டு எங்க தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க. தெரியாம மனசு ஆறமாட்டேங்குது.”

மார்க்கெட் என் வீட்டிலிருந்து நூறடி. போய் வாங்கினேன். வாழை இலைக் கட்டுகளுக்கு நடுவில் அந்த ஊர்க்காரர் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். அட்டை போட்ட நீள நோட்டு. ஆறு வருடத்து செவ்வாய்க்கிழமைகள் அதில் இருந்தன.

திங்கட்கிழமை முதல் சாப்பாட்டு நேரத்தில் அந்த நோட்டையும் என் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடைய தப்பைக் கண்டுபிடித்துப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வெட்டுக்கிளி விழுந்த வாரமும் ஒன்றும் விழாத வாரமும் ஒரே மாதிரி தவறியிருந்தன. முள் வேலிக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரி. மூன்றாம் நாள் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மற்ற எண்களை வைத்துப் பார்த்தால் அம்மோனியம் எவ்வளவு இருக்க வேண்டுமோ அதைவிட ஒவ்வொரு வாரமும் கால் பங்குக்குச் சற்று மேல் கூடுதல். ஒரு வாரம் கூட மாறவில்லை. எச்சமோ அழுக்கோ விழுந்தால் ஒரு வாரம் நிறைய இருக்கும், ஒரு வாரம் துளிதான் இருக்கும். இப்படி அளந்து வைத்த மாதிரி எந்தப் பறவையும் எச்சம் போடாது.

புரோகிராமைத் திறந்தேன். நானே எழுதிய வரி, முதல் வருடத்து வரி. ஆய்வகம் அப்போதெல்லாம் அம்மோனியத்தை முழு அளவாகத் தராது, அதில் உள்ள நைட்ரஜனின் அளவை மட்டும் தரும். என் புரோகிராம் அதை ஓர் எண்ணால் பெருக்கி முழு அம்மோனியமாக மாற்றிக்கொள்ளும். அம்மோனியத்தின் எடை பதினெட்டு, அதில் நைட்ரஜன் பதினாலு; பதினெட்டைப் பதினாலால் வகுத்தால் வரும் எண். ஒன்றேகாலுக்குச் சற்று மேல், அதாவது அதே கால் பங்குக் கூடுதல். ஆய்வகத்தில் புதுக் கருவி வந்தபின் அவர்கள் முழு அளவையே நேராகத் தர ஆரம்பித்திருந்தார்கள். என் புரோகிராம் அதையும் பெருக்கிக்கொண்டே இருந்தது. மற்ற ஊர்களில் அம்மோனியம் குறைவு. பெருக்கினாலும் வரம்புக்குள் அடங்கிவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. இந்த ஓர் ஊரில் மட்டும் தாண்டியது.

ஆய்வகம் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபத்தோடு மெயிலில் தேடினேன். சொல்லியிருந்தார்கள். மூன்று வரி மெயில், இந்த மாதம் முதல் அளவு முறை மாறுகிறது என்று. அதற்குக் கீழே என் பதில். ‘குறித்துக்கொண்டேன், நன்றி.’

டிபன் பாக்ஸை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து முகம் கழுவி வந்தேன். ஜன்னல் பக்கம் போய், திறக்க முடியாது என்று தெரிந்தும் கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் தொழிற்சாலையில் ஷிஃப்டைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. மகள் பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. அவர் கெட்ட மனிதர் இல்லை, நிதானமாகத்தான் கேட்டார்.

“வேற யாருக்காவது தெரியுமா?”

“இல்லை.”

“இனிமே வர்றதை சரி பண்ணிடு. பழசை ஏன் கிளப்பறே?”

“அந்த அக்காவைப் பத்தி நான் எழுதினது?”

அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். மகள் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, ஏதாவது பிரச்சினையா என்று கன்னடத்தில் கேட்டாள். இல்லை, நீ படி என்றேன். அந்த வீட்டில் எந்த மூலையில் போய் நின்றாலும் இந்த விஷயத்தோடுதான் நிற்க வேண்டியிருந்தது.

ஒரு வாரம் தள்ளினேன். அந்த வாரத்தில் அக்கா இரண்டு முறை போன் செய்தார், எடுக்கவில்லை. பிறகு அதிகாரியிடம் போனேன். கணக்குப் போட்ட தாளையும் அந்த மெயிலையும் அவர் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார். ஓய்வு பெற அவருக்கு ஒரு வருடம்கூட இல்லை.

“ரிப்போர்ட் அச்சாகி டெல்லி வரைக்கும் போயாச்சு,” என்றார் கன்னடத்தில். “அதை வச்சு நாலு பேர் கட்டுரை எழுதிட்டிருப்பாங்க. அடுத்த பதிப்புல சத்தமில்லாம திருத்திடு.”

“நிலையத்தை மூடினோமே சார்.”

“மூடினது மூடினதுதான். அந்தப் பெட்டியை வேற ஊர்ல வச்சாச்சு.”

“அந்த அம்மா மேல தப்பில்லைன்னு ஒரு கடிதமாவது...”

“பேடம்மா.” வேண்டாம் என்பதை அவர் அதட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சுவது போல இருந்தது. “அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் வருது. இப்படி ஒரு தப்பைக் காகிதத்துல ஏத்திட்டு, அதே கையால உன்னை மறுபடி எடுக்கணும்னு நான் எப்படி எழுதறது? உனக்காகத்தான் சொல்றேன்.”

அவர் சொன்னது உண்மை. எனக்காகவும் சொன்னார், தனக்காகவும் சொன்னார். பேசாமல் இருந்தால் வேலையில் இருப்பேன், வாரா வாரம் அதே திரையில் அந்த ஊரின் பெயரைப் பார்த்துக்கொண்டு. பேசினால் வேலை போகும், கணவருக்கும் மகளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது ஓர் எண்ணம் வந்தது. வேலை போனால்தான் என்ன? எத்தனை வருடமாக வெளியே போக வழி தேடுகிறேன். இதுதான் வழியோ என்னவோ. இப்போது யோசித்தால், நான் செய்ததில் நேர்மை எவ்வளவு, தப்பித்து ஓடும் ஆசை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தரவுகளைப் பயன்படுத்துகிறவர்களுக்காக இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதில் அறிவிப்புப் போடுகிற உரிமை என் கையில் இருந்தது. மறுநாள் காலை அலுவலகம் வந்ததும், யாரும் வருவதற்கு முன், எழுதிப் போட்டேன். எந்த வாரத்திலிருந்து எந்த வாரம் வரை எல்லா நிலையங்களின் அம்மோனிய அளவும் தப்பு, ஏன் தப்பு, எதனால் பெருக்கப்பட்டது என்று எழுதினேன். கடைசியில் இப்படி முடித்தேன்: ‘இது தரவுப் பிரிவில் நடந்த பிழை. நிலையங்களைப் பராமரிப்பவர்களுக்கு இதில் பங்கில்லை. இதனால் ஒரு நிலையம் தவறாக மூடப்பட்டது.’ பொத்தானை அழுத்தியபின் ஒரு டீ வாங்கி வந்து குடித்தேன். அவ்வளவு ருசியாக ஒரு டீ அந்தக் கட்டடத்தில் நான் குடித்ததில்லை.

மதியத்துக்குள் அதிகாரியின் அறைக்குப் போன் மேல் போன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் என் மேஜையைக் காலி செய்து பையில் போட்டு வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து, நிலையங்களை மேற்பார்வையிடும் குழுவின் கூட்டம் வீடியோ வழியாக நடந்தது. டெல்லியிலிருந்து நாலு முகங்கள். ஏன் அனுமதி வாங்காமல் அறிவிப்புப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். அதற்குத் திட்டு வாங்கினேன். பிழையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. கடைசியில் ஒருவர் கேட்டார், “பாதிக்கப்பட்ட தரவையெல்லாம் திருத்த எவ்வளவு காலம் ஆகும்?”

“ஒரு வருடமாவது ஆகும். ஒவ்வொரு நிலையத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.”

“வேறு யாராவது செய்ய முடியுமா?”

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்து, “முடியாது” என்றார்.

அப்படியானால் திருத்தம் முடியும் வரை நான் போகக் கூடாது என்று முடிவாயிற்று. அறிவிப்புப் போடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள். பையிலிருந்த சாமான்களை மறுபடி மேஜை இழுப்பறையில் அடுக்கும்போது எனக்கு அழுகை வந்தது. வேலை தங்கியதற்குக் கணவர் நெஞ்சில் கை வைத்துச் சாமியைக் கும்பிட்டார். நான் ஏன் அழுதேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் பஸ் ஏறி, ஹனூரில் மாறி, ராமாபுரத்தில் இன்னொரு பஸ் பிடித்துப் போனேன். ஆறு வருடம் போனில் பேசியவரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஒல்லியாக, உயரமாக இருந்தார். குரலை வைத்து நான் குட்டையாகக் கற்பனை செய்திருந்தேன். வீட்டு வாசலில் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். நோட்டை நீட்டினேன்.

“தப்பு உங்களுது இல்லைக்கா. என்னுது.”

அவர் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெருக்கல் கதையை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். நீங்கள் கொடுத்த அளவை நான் இரண்டு தடவை ஏற்றிவிட்டேன் என்றேன். அது அவருக்கு உடனே புரிந்தது.

“அப்போ என்ற மழ நல்லாத்தான் இருந்துச்சா?”

“நீங்க பிடிச்சது சரியா இருந்துச்சுக்கா. ஒரு வாரம்கூடக் குறை இல்லை.”

அவர் முறத்தைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தார்.

“ஊர்ல என்ன பேசுனாங்கன்னு தெரியுமுங்களா? மழத் தண்ணியில மாட்டு மூத்திரத்தக் கலந்து அனுப்பினேன், அதான் கவர்மெண்டுல பொட்டியப் புடுங்கிட்டாங்கன்னு. என்ற நங்கையா, வீட்டுக்காரரோட அக்கா, மூஞ்சிக்கு நேராவே கேட்டுப்போட்டா. என்ற வீட்டுக்காரரு ஆட்டுக் கொட்டாய மாத்துனதுக்கு இன்னைக்கும் பேசறாரு.” குரல் உயரவில்லை. “உங்களுக்கு நான் எத்தன தரம் போன் பண்ணினேன்?”

“தெரியும்க்கா.”

“எடுக்கலையே.”

“பயமா இருந்துச்சு.”

அதற்குப் பிறகுதான் தின்பண்டமோ தண்ணீரோ கொண்டுவரலாம் என்று தோன்றியிருக்க வேண்டும், உள்ளே போய் ஒரு சொம்பு மோர் எடுத்து வந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதையெல்லாம் எழுதிக் குடுங்க” என்றார். அந்த நோட்டிலேயே கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். தமிழில் ஒரு பக்கம், மறுபக்கம் கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அலுவலகத்தின் சார்பில் அப்படி எழுத எனக்கு அதிகாரம் கிடையாது என்று தெரிந்தேதான் எழுதினேன்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தார். பஞ்சாயத்து மெம்பரிடம் தாளைக் காட்டினாராம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீல் எங்கே என்று கேட்டாராம்.

நான் முறையான கடிதம் ஒன்று தயாரித்தேன். மூடும் கடிதத்தின் அதே கோப்பு எண், அதே மாதிரி வரிகள். ‘கவனக்குறைவு ஏதுமில்லை, பிழை இந்த அலுவலகத்தைச் சேர்ந்தது.’ அதிகாரிக்குப் போகும் கையெழுத்துத் தாள்களின் மேல் வைத்தேன். நடுவில் ஒளித்து வைக்க முதலில் நினைத்தேன், வெட்கமாக இருந்தது. அவர் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நாலைந்து வாரமாக எங்களுக்குள் வேலையைத் தவிரப் பேச்சில்லை.

“அன்னைக்கே இதைக் கொடுத்திருக்கலாம் நான்,” என்றார். கையெழுத்துப் போட்டு, டிராயரைத் திறந்து சீலைத் தானே எடுத்து அழுத்தினார். ஒன்று சரியாகப் பதியவில்லை என்று பக்கத்தில் இன்னொன்று அழுத்தினார்.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். வந்து சேர்ந்ததை அக்கா போனில் சொன்னார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பதாகவும், நங்கையாளை உட்கார வைத்து இரண்டு தரம் படித்துக் காட்டியதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் லேசாகச் சிரித்தார்.

குழு அடுத்த கூட்டத்தில் அந்த நிலையத்தைத் திரும்பத் திறக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. சந்தோஷமாக அவரைக் கூப்பிட்டேன். புதுப் பெட்டி வரும், நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“வேண்டாமுங்க.”

“ஏன்க்கா?”

“செவ்வாக்கெழம ஒம்போது மணி ஆச்சுன்னா எனக்கு இன்னமும் கை துறுதுறுங்குது. அது வேற. ஆனா நான் இங்க கழுவிக் கழுவி அனுப்புவேன், அங்க உக்காந்து யாரோ ஒருத்தர் சரியில்லைன்னு போட்டுட்டே இருப்பாங்க. எனக்குத் திருப்பிக் கேக்கவும் தெரியாது. மறுக்கா அந்த மாதிரி ஒரு வருசத்த என்னால இருக்க முடியாதுங்க.” பிறகு அவரே கேட்டார், “நீங்க எப்படி அம்மிணி அதே சேர்ல உக்காந்திருக்கீங்க?”

வேறு வழியில்லை என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லாமல், திருத்துகிற வேலை பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். சரிங்க, பாருங்க என்று வைத்துவிட்டார்.

அதிகாரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் திருத்தம் எதுவரை வந்திருக்கிறது என்று திங்கட்கிழமைதோறும் கேட்கிறார். முதலில் அந்தக் காட்டோர நிலையத்தைத்தான் முடித்தேன். ‘சந்தேகம்’ என்று போட்ட வாரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எண்ணைச் சரிசெய்து, ‘சரி’ என்று மாற்றினேன். மொத்தமாக ஒரே தட்டலில் மாற்றியிருக்க முடியும். செய்யவில்லை. இப்போது மேற்குக் கடற்கரை நிலையங்களில் இருக்கிறேன். அங்கே மழையில் கடல் உப்பு அதிகம், வேலை மெதுவாகத்தான் நகர்கிறது.